இல்லாத வெள்ளைக்காரியின் துப்பாக்கி

படித்தவர்கள் இரண்டு பேர் ஒரு மரக்கட்டையை வைத்துக்கொண்டு ஒரு காலைப்பொழுது முழுக்கச் சண்டை போட்டதை நான் பார்த்தேன். அந்தக் கட்டை எங்கள் வீட்டுக் கட்டை. எனக்கு ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு உட்கார வைத்துவிட்டு, என்னை ஒரு வார்த்தை கேட்காமல் என் தலைக்கு மேலேயே சண்டை போட்டார்கள். அதை எழுதி வைக்கத்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன். எழுத்துக் கூட்டி எழுதுகிறவள், மெதுவாகத்தான் வரும். வரட்டும். எனக்கு என்ன, ரயிலா பிடிக்க வேண்டும்?

போன வருசம் என் தம்பி செத்துப்போனான். கல்யாணம் கட்டாதவன். ஒரு தோட்டம், இரண்டு மாடு, ஒரு பழைய வேட்டைத் துப்பாக்கி, இம்புட்டும் என் கைக்கு வந்தது. தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டேன். மாட்டைக் கொடுத்துவிட்டேன். துப்பாக்கியை என்ன செய்ய? லைசென்ஸ் அவன் பேரில் இருந்தது. ஆள் போனால் லைசென்ஸும் கூடவே போச்சு.

பேகம்பூருக்குப் போகிற வழியில் ஒரு பாய் துப்பாக்கிக் கடை வைத்திருக்கிறார். எலெக்சன் வந்தால் தம்பி துப்பாக்கியை அவரிடம்தான் ஒப்படைப்பான். அவன் போன பிறகும் அது அங்கேதான் கிடந்தது. பாய் ஆள் விட்டு என்னைக் கூப்பிட்டார்.

"லைசென்ஸ் வச்சிருக்க யாருக்காச்சும் மாத்திக் குடுத்துருங்கம்மா. இல்லாட்டி கவர்மெண்டு எடுத்துக்கும். எடுத்தா உருக்கித்தான் போடுவாங்க."

குழல் உருகினால் எனக்கு ஒன்றும் இல்லை. அது எவனோ சீமையில் அடித்த இரும்பு. ஆனால் அதில் மாட்டியிருந்த பின்கட்டை, தோளில் முட்டுக் கொடுத்துக்கொள்கிற மரம், அது என் அம்மாவுடையது. அது போய்விட்டால் என் அம்மா துப்பாக்கி பிடித்தவள் என்று சொல்ல இந்த உலகத்தில் என் வாயைத் தவிர வேறு சாட்சி கிடையாது. என் வாயும் இன்னும் எத்தனை நாளைக்கு?

அந்தக் கட்டையை முதல் தடவை பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். மற்றத் துப்பாக்கி எல்லாம் பின்னாலிருந்து பார்த்தால் கட்டையும் குழலும் ஒரே கோட்டில் இருக்கும். இதில் கட்டை பக்கவாட்டில் வளைந்து விலகிப் போகும். வலது தோளில் வைத்தால் குழல் இடது கண்ணுக்கு நேராக வந்து நிற்கும். வலது கண்ணுக்கு அங்கே வேலையே இல்லை.

ஏனென்றால் என் அம்மாவுக்கு வலது கண் இல்லை. கம்பங்கதிர் அறுக்கும்போது தட்டை குத்திப் போய்விட்டது. இடது தோளில் வைத்துச் சுட அவளுக்குக் கை வராது. அப்பாவுக்கு இரண்டு கண்ணும் நன்றாக இருந்தது, கைதான் நடுங்கும். சிறுமலையில் காப்பித்தோட்டம் வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரர் ஊரைப் பார்த்துப் போகும்போது அப்பாவுக்குக் கொடுத்துவிட்டுப் போன துப்பாக்கி அது. எங்கள் கடலைக்காடு மலையடிவாரத்தில். இருட்டினால் பன்றி குடும்பத்தோடு இறங்கிவிடும். அப்பா சுட்டால் பன்றி நின்று திரும்பிப் பார்த்துவிட்டு, மறுபடியும் கடலையைத் தோண்டும். அப்படி இருக்கும்போது ஒருநாள் வண்டிச்சக்கரம் ஏறிப் பழைய கட்டை முறிந்துபோனது. அப்பா, விட்டது சனியன் என்று இருந்துவிட்டார். அம்மா விடவில்லை. கலப்பை செய்கிற ஆசாரியைக் கூப்பிட்டாள்.

"இதுக்கு ஒரு கட்டை போடு. எனக்குத் தகுந்தாப்ல போடு."

"உங்களுக்கு எப்பிடி ஆத்தா? இடது கண்ணுக்கு எட்டாதே."

"எட்டுற மாதிரி கோணலாப் போடு."

"கோணக்கட்டை செஞ்சேன்னா ஊரு என்னையச் சிரிக்கும்."

"கலப்பையக் கோணாமத்தான் செய்யிறியா? அதுக்கு எந்த ஊரு சிரிச்சுச்சு?"

கலப்பைக்கு வளைந்து வளர்ந்த கொம்பைத்தான் தேடுவார்கள். நேர்மரத்தை வளைவாக அறுத்தால் நார் அறுந்து ஒடிந்துவிடும். அம்மா வரப்பில் நின்ற வாகைமரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, ஒரு கொம்பைக் காட்டி, இதை வெட்டு என்றாள். நான் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கீழே நின்று பார்த்தேன். கட்டையின் அடியில் தோளில் படுகிற இடத்துக்கு ஒரு பித்தளைத் தகடு. ஓட்டை விழுந்த எங்கள் குடத்தை வெட்டி அடித்தது. குடத்தில் அம்மா வீட்டார் பேர் வெட்டியிருந்தார்கள், புள்ளி புள்ளியாக, சீர்ப் பாத்திரத்தில் வெட்டுவார்களே அப்படி. தகடாக நறுக்கினதில் ஒரே ஒரு எழுத்துத்தான் தப்பித்தது. ப.

அதற்குப் பிறகு பன்றி திரும்பிப் பார்க்கவில்லை.

ஊர்க்காரர்கள் அம்மாவுக்கு ஒரு பேர் வைத்தார்கள். துரைசாணி, வெள்ளைக்காரத் துரை பெண்டாட்டி என்று. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோயிலை விட்டு வெளியே வந்தால், "துரைசாணி வாரா, வழிய விடுங்கடி" என்பார்கள். அப்படிச் சொன்னவர்களே பன்றி விழுந்த அன்றைக்குத் தூக்குச்சட்டியோடு எங்கள் வாசலில் நிற்பார்கள். பங்குச் சாமியார் ஒரு தடவை அப்பாவைக் கூப்பிட்டு, பொம்பளை கையில் துப்பாக்கி எதற்கு என்று கேட்டார். அம்மா ஒரு தொடைக்கறியை அவர் குசினிக்கு அனுப்பி வைத்தாள். அடுத்த வாரம் சாமியார் வேறு விசயம் பேசினார். லைசென்ஸ் அப்பா பேரில், சுட்டது அம்மா. இப்போது யாருக்காவது கேஸ் போட ஆசை இருந்தால் கல்லறைத் தோட்டத்துக்குத்தான் போக வேண்டும்.

என் தம்பியும் கேலியாக அதைத் துரைசாணி துப்பாக்கி என்றுதான் சொல்வான். கடையிலும் அப்படியே சொல்லியிருக்கிறான். பாய் அதைக் கேட்டு வைத்துக்கொண்டு, பழைய துப்பாக்கி சேர்க்கிற இரண்டு பேரிடம் சொல்லியிருக்கிறார். அங்கேதான் வந்தது வினை.

ஒருத்தர் மதுரையில் கண் டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இன்னொருத்தர் வேடசந்தூர்ப் பக்கம் நூல் மில் வைத்திருக்கிறவர், வயசு குறைவு. இரண்டு பேருக்கும் லைசென்ஸ் உண்டு, வீடு நிறையத் துப்பாக்கி உண்டு, எதையும் சுட்டதில்லை. நான் கடைக்குள் நுழைந்ததும் டாக்டர் எழுந்து, "வாங்க பாட்டிம்மா" என்றார்.

"நான் உங்களுக்கு எப்படிப் பாட்டியாவேன்? உங்க தலை என் தலையவிட வெளுத்திருக்கே" என்றேன்.

மில்காரர் சிரித்தார். அதற்குப் பிறகு டாக்டர் என்னைப் பாட்டி என்று சொல்லவில்லை.

பாய் துப்பாக்கியை எடுத்து மேசையில் பழைய போர்வையை விரித்து வைத்தார். டாக்டர் வெள்ளைக் கையுறையை மாட்டினார். பிரசவம் பார்க்கப் போகிறவர் மாதிரி இருந்தது. பூதக்கண்ணாடி ஒன்றை எடுத்துக் குனிந்து பார்த்தார். எடுத்துத் தோளில் வைத்தார். குழல் அவர் மூக்கைத் தாண்டி இடது கண்ணுக்கு வந்தது. முகம் அப்படியே பூத்துவிட்டது.

"வலது தோள், இடது கண்! ஒத்தக் கண்ணு ஆளுக்காகச் செஞ்ச கட்டை. லண்டன்ல தனியா ஆர்டர் குடுத்தாத்தான் இப்படிச் செய்வாங்க. நான் படத்துலதான் பார்த்திருக்கேன்."

ஒற்றைக் கண் என்றதும் எனக்கு அவர் மேல் ஒரு மரியாதை வந்தது. ஆள் கெட்டிக்காரர், பார்த்ததும் கண்டுபிடித்துவிட்டார், இனி நாம் மிச்சத்தைச் சொன்னால் போதும் என்று நினைத்து வாயைத் திறந்தேன். அதற்குள் மில்காரர் முந்திக்கொண்டார்.

"ஏனுங்க டாக்டரு, கோணுனதெல்லாம் லண்டனுங்களா? மழையில கெடந்து கோணிப்போச்சுங்க."

"மழையில கோணினா இப்படி ஒரே சீரா கோணுமா?"

"எங்க மில்லுல ஒரு கதவு கோணியிருக்குதுங்க. சீராத்தான் கோணியிருக்குது."

"கதவும் ரைஃபிளும் ஒண்ணா?"

"மரம் மரந்தானுங்க."

"அந்த நாரைப் பாருங்க, வளைவோடயே ஓடுது. ஆவியில வேகவச்சு வளைச்சிருக்கான். அந்த டெக்னிக் நம்ம ஊர்ல எவனுக்குத் தெரியும்?"

வேகவைத்தானாம். புட்டா அது? வாகைக்கொம்பு வெயிலில் தானாக வளைந்து வளர்ந்தது. அதற்கு லண்டனில் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார் இவர்.

"பாய், இதுக்குத் துரைசாணி துப்பாக்கின்னு பேர் உண்டுன்னு சொன்னீங்கல்ல?" என்று டாக்டர் திரும்பினார்.

"ஆமா சார். இவங்க தம்பி அப்படித்தான் சொல்வாரு."

"அவ்வளவுதான்! மலையில எஸ்டேட் வச்சிருந்த வெள்ளைக்காரன் சம்சாரம். ஒரு கண்ணு போனவ. வேட்டைக்காரி. அவளுக்காக வந்த துப்பாக்கி." கட்டையைத் திருப்பிப் பித்தளைத் தகட்டைப் பார்த்தார். குரலே மாறிப்போச்சு. "இதோ, அவளோட இனிஷியல்! புள்ளி வச்சுப் பொறிச்சிருக்கான். யூ!"

மில்காரரும் குனிந்து பார்த்தார். "யூ மாதிரித்தானுங்க இருக்குது" என்றார். பிறகு, "யூவுல ஆரம்பிக்கிற வெள்ளைக்காரி பேரு என்னங்க இருக்குது?" என்று கேட்டார்.

டாக்டர் யோசித்தார். மேலே காற்றாடியைப் பார்த்தார், கீழே பார்த்தார். "இருக்கும்" என்றார்.

"அது ப" என்றேன்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். ஸ்டூல் பேசின மாதிரி பார்த்தார்கள்.

"என்னம்மா சொன்னீங்க?"

"பானா. ப, பா, பி, பீ. பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுத்திருப்பாங்களே. எங்க வீட்டுக் குடத்தை வெட்டி அடிச்ச தகடு அது. அம்மாவைப் பெத்தவங்க சீராக் குடுத்த குடம்."

பாய் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "பானாதான்" என்றார். மில்காரர் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். நான் தமிழை எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள். அவர்கள் இரண்டு பேரும் தமிழ் பேசி வளர்ந்தவர்கள்தான். ஆனால் துப்பாக்கியில் தமிழ் எழுத்து இருக்கும் என்று அவர்கள் கண்ணுக்குத் தோன்றவே இல்லை.

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். அம்மாவின் கண், வண்டிச்சக்கரம், வாகைக்கொம்பு, கலப்பை ஆசாரி, ஊர் வைத்த பேர். எதையும் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

டாக்டர் பொறுமையாகக் கேட்டார். பொறுமையாகக் கேட்கிறவர்களிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். கேட்டு முடித்துவிட்டுச் சொன்னார்: "தகடு பின்னால மாத்தினதா இருக்கும்மா, ஒத்துக்கறேன். கட்டை ஒரிஜினல்தான். உங்க அம்மா இதைத் தொட்டிருக்கலாம், துடைச்சு வச்சிருக்கலாம். சுட்டிருப்பாங்கன்னு தோணலை. அந்தக் காலத்துல, கிராமத்துல, அதுவும் ஒரு கண்ணோட…"

"வெள்ளைக்காரி மட்டும் ஒரு கண்ணோட சுடலாமா?"

"அவங்க பழக்கம் வேறம்மா."

பழக்கம் வேறாம். கம்பங்காட்டில் கண்ணைக் கொடுத்தவள் என் அம்மா. அந்தக் கண்ணைக்கூடப் பிடுங்கி, பிறக்கவே பிறக்காத ஒரு வெள்ளைக்காரி முகத்தில் வைத்துவிட்டார் இந்தக் கண் டாக்டர்.

மில்காரர் நான் சொன்னதை அப்படியே நம்பினார். நம்பினது அவருக்கு வசதியாக இருந்தது. "பாருங்க, கலப்பைக்காரன் கைவேலை. ஒரிஜினல் இல்லீங்க. இதைத் தூக்கிப் போட்டுட்டு நல்ல சீமைக்கட்டை ஒண்ணு வரவழைச்சு மாட்டுனா துப்பாக்கி பழையபடி ஆயிரும். குழல் அருமையான குழலுங்க."

ஒரிஜினல், ஒரிஜினல் என்று அந்தக் காலையில் அந்த வார்த்தையைப் போட்டு அவர்கள் அடித்த அடி இருக்கிறதே. சந்தையில் தேன் வாங்குகிறவன்கூட நக்கிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு தடவைதான் கேட்பான். அந்தக் கட்டை என் அம்மா தோளுக்காக வெட்டினது, என் அம்மா தோளில்தான் இருந்தது. இதைவிட ஒரிஜினல் எந்த ஊரில் விற்கிறது? ஒருத்தர் அதை எடுத்து ஒரு வெள்ளைக்காரிக்குக் கொடுக்கிறார். இன்னொருத்தர் குப்பைக்குக் கொடுக்கிறார். பெற்ற பிள்ளை நடுவில் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறேன்.

பாய் டீ வாங்கிக் கொடுத்தார். மில்காரர் போன் பேச வெளியே போனார். டாக்டர் தன் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. அவர்கிட்டப் போனா இந்தக் கட்டை குப்பைக்குத்தான் போகும். என்கிட்ட வந்தா கண்ணாடிப் பெட்டியில இருக்கும். என் மகன், பேரன் காலத்துக்கும் இருக்கும். நீங்க ஒரே ஒரு வார்த்தை சொன்னாப் போதும். எங்க வீட்டுல இதைத் துரைசாணி துப்பாக்கின்னு சொல்வாங்க அப்படின்னு. அது பொய் இல்லையே?"

பொய் இல்லைதான். அதுதான் என்னை இடித்தது. டீயை ஆற விட்டு யோசித்தேன். மரம் பத்திரமாக இருக்கும், தூசி படாது, வருகிறவர் போகிறவர் எல்லாரும் பார்த்து ஆச்சரியப்படுவார்கள். பெட்டிக்குக் கீழே அட்டையில் வெள்ளைக்காரி இருப்பாள். அம்மா சுட்டாள் என்பதற்கு இருந்த ஒரே அத்தாட்சி, அம்மா சுடவில்லை என்பதற்கு அத்தாட்சியாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். அதற்குக் குப்பை தேவலை.

"அட்டையில எங்க அம்மான்னு எழுதுவீங்களா?" என்று கேட்டேன்.

"ப்ரூஃப் இல்லாம எப்படிம்மா எழுதறது?"

"துரைசாணிக்கு ப்ரூஃப் எங்க இருக்கு?"

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

மில்காரர் உள்ளே வந்ததும் கேட்டேன். "ஏன் அப்பு, உனக்குக் குழல் மட்டும் போதுமா?"

"போதுமுங்க ஆத்தா. கட்டையத்தான் மாத்தப் போறனே."

"அப்ப துப்பாக்கிய நீயே எடுத்துக்க. கட்டைய இங்கயே கழட்டி என் கையில குடுத்துரணும்."

டாக்டர் எழுந்துவிட்டார். "ஐயோ, பிரிக்காதீங்க! நூறு வருசமா ஒண்ணா இருந்தது. சரித்திரத்தையே பிரிக்கிறீங்க. இது பாவம்மா."

"பாவத்தை நான் எங்க சாமியார்கிட்டப் பேசிக்கிறேன்."

இம்புட்டு நேரம் என் பேச்சு அவர் காதில் ஏறவில்லை. கட்டை கைவிட்டுப் போகப்போகிறது என்றதும் அதே காதுக்கு அம்புட்டும் கேட்டது. வேண்டுமானால் அட்டையில் "உள்ளூர் மக்கள் நம்பிக்கை" என்று அம்மாவைப் பற்றி ஒரு வரி போடுகிறேன் என்றார். அம்மா நம்பிக்கையாம். எங்கள் கடலையைத் தின்ற பன்றியைக் கேட்டால் தெரியும் நம்பிக்கையா இல்லையா என்று.

கட்டையைத் தனியாக நான் கொண்டுபோகலாமா என்று பாய்க்கு ஒரு சந்தேகம். ஸ்டேஷனுக்குப் போன் போட்டார். போனை மேசையில் வைத்து எல்லாருக்கும் கேட்கிற மாதிரிப் பேசினார்.

"நம்பர் எங்க இருக்கு பாய்?" என்றது அந்தப் பக்கக் குரல்.

"இரும்புலதான் சார் இருக்கு. மரத்துல ஒண்ணும் இல்ல."

"அப்புறம் மரத்துக்கு என்ன லைசென்ஸு? வெறகுக்கடையா வைக்கப் போறீங்க? இரும்ப மட்டும் ஒழுங்கா எழுதி வைங்க."

பாய் திருகுக்கு எண்ணெய் விட்டார். ஒன்று சுலபமாக வந்தது. இன்னொன்று வரவில்லை. முட்டிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார். டாக்டர் போகிறேன் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு போகாமல் நின்றார். கடைசியில் கிறீச் என்று ஒரு சத்தத்தோடு திருகு சுற்றிக் கட்டை தனியாக வந்தது. குழல் மட்டும் போர்வையில் கிடந்ததைப் பார்க்க உரித்த கோழி மாதிரி இருந்தது. டாக்டர் கையுறையைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் காரில் ஏறிப் போய்விட்டார்.

"அடுப்புக்குங்களா ஆத்தா?" என்றார் மில்காரர் சிரித்துக்கொண்டு.

"உங்க மில்லுல கோணின கதவுக்கு முட்டுக் குடுக்கக் கேட்டாலும் தரமாட்டேன் அப்பு. போய் உன் சீமைக்கட்டைக்கு எழுதிப் போடு."

அவர் கோபப்படவில்லை. கைதான் கூப்பினார். நம்பினவன் மதிக்கவில்லை, மதித்தவன் நம்பவில்லை. இதில் யார் மேல் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை.

பாய் ஆட்டோ பிடித்துத் தருகிறேன் என்றார். வேண்டாம் என்றுவிட்டேன். கட்டையை ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். பை அதற்குப் பத்தவில்லை, பித்தளைத் தகடு வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. பக்கத்தில் சின்னாளபட்டிக்காரி ஒருத்தி, மடியில் சேலை மூட்டையோடு உட்கார்ந்திருந்தாள். ரொம்ப நேரம் தகட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"அது என்னக்கா, பானா போட்டிருக்கு?" என்றாள்.

பார்த்ததும் சொன்னாள். கையுறையும் இல்லை, கண்ணாடியும் இல்லை.

"எங்கம்மாவோட துப்பாக்கிக் கட்டை" என்றேன்.

"அம்மாவோடதா? அப்பாவோடதா?"

"அம்மாவோடது."

"அடி ஆத்தி. சுடுவாங்களா?"

அவளுக்குச் சொன்னேன். கண் போனதிலிருந்து ஆரம்பித்தேன். பையிலிருந்து கட்டையை வெளியே எடுத்து, அவள் வலது தோளில் வைத்து, குழல் இருந்திருக்க வேண்டிய இடத்தில் என் கையை நீட்டி, இடது கண்ணால் பார் என்றேன். அவள் வலது கண்ணை இறுக மூடிக்கொண்டு பார்த்தாள். முன் சீட்டில் இருந்த இரண்டு பேர் திரும்பி உட்கார்ந்தார்கள். கண்டக்டர் டிக்கெட் கிழிக்காமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பஸ் முழுக்கக் கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னேன். அவள் இறங்க வேண்டிய ஊர் வந்தது, நின்றது, போனது. அவளும் எழுந்திருக்கவில்லை, நானும் நிறுத்தவில்லை.